இராமசாமி என்னும் பொதுப்பெயர்

தமிழ் மக்களிடையே ஒரு காலத்தில் மிகுதியாக வழங்கிய ஆண்பாற் பெயர்களுள் இராமசாமி என்பது ஒன்று. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் நம்மவரிடம் வேரூன்றியிருந்தமையால், ஒரு குடும்பத்தில் ஓர் இராமசாமி இருப்பின், இரண்டு தலைமுறைக்குப் பின் அக்குடும்பத்தின் கிளைகளில் நாலைந்து இராமசாமிகள் தோன்றிவிடுவர். பண்ணையார் மாளிகையிலும் அப்பெயர் உண்டு. பண்ணையாள் குடிசையிலும் உண்டு. சாதிக்கொரு தெரு, தெருவுக்கொரு கிணறு என்று பிரிந்து கிடந்த சமூகத்தில், தெரு எல்லையைத் தாண்டி எல்லாரிடத்தும் சென்று தங்கிய உடைமைகள் மிகச் சில. இப்பெயர் அவற்றுள் ஒன்று. இதனைத் தாங்கியோர் சிலருடைய வரலாற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்போமாயின், பெயருக்கும் மானத்துக்கும் உள்ள தொடர்பு நன்கு விளங்கும் என்பது நமது எண்ணம்.

1947ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் தென்னிந்தியச் செய்திகளைப் படித்து வந்தோர் நான்கு இராமசாமிகளை ஒருசேரச் சந்தித்திருப்பர்.

சென்னை மாகாணத்தில் 1947 மார்ச்சு மாதம் பிரதம மந்திரிப் பதவி ஏற்றவர் ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த உழவர். 1949 ஏப்ரல் வரையில் அவர் பதவியில் இருந்தார். தாழ்த்தப்பட்ட மக்கள் கோயிலுக்குள் செல்லும் உரிமைச் சட்டமும், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டமும் 1947இல் அவரது ஆட்சியிலேயே நிறைவேறின. ஜமீன் முறையை ஒழிக்கும் சட்டம் 1948இல் வந்தது.

திருவாங்கூர் சமஸ்தானத்தில் 1936 முதல் திவானாக இருந்தவர் சர் சி. பி. இராமசாமி அய்யர். பிரிட்டிஷார் வெளியேறியதும் திருவாங்கூர் தனி நாடாகவே நிற்கும் என்று 1947 ஜூன் மாதத்தில் அறிவித்தவர் அவரே. ஜூலை 25ஆம் நாள் திருவனந்தபுரத்தில் ஓர் இசை நிகழ்ச்சி முடிந்து வெளிவருகையில் அவர் வெட்டுண்டார். உயிர் தப்பினார், ஆனால் தனி நாட்டுக் கனவு தப்பவில்லை. சில நாட்களுக்குள் திருவாங்கூர் இந்தியாவுடன் இணையச் சம்மதித்தது. ஆகஸ்டு மாதத்தில் அவர் பதவியை விட்டு அகன்றார்.

மைசூர் சமஸ்தானத்தின் திவானும் ஓர் இராமசாமியே. சர் ஆற்காடு இராமசாமி முதலியார் 1946 முதல் 1949 வரையில் அப்பதவி வகித்தார். அதற்கு முன்னரே உலக அரங்கில் அவர் பெயர் ஒலித்திருந்தது. 1945இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஐக்கிய நாடுகளின் சாசனம் உருவானபொழுது இந்தியப் பிரதிநிதிக் குழுவுக்குத் தலைமை வகித்துக் கையொப்பமிட்டார். 1946 ஜனவரியில் லண்டனில் கூடிய ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். அவருடன் இரட்டைப் பிள்ளையாகப் பிறந்த சகோதரர் இலட்சுமணசாமி முதலியார், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1942 முதல் 27 ஆண்டுகள் வீற்றிருந்தார்.

நான்காமவர் அப்பொழுது அரசாங்கப் பதவி எதுவும் வகிக்காதவர். ஈரோடு ஈ. வெ. இராமசாமி. 1947 ஆகஸ்டு 15ஆம் நாளை மற்றவர் கொண்டாடுகையில், அதனைத் துக்கநாள் என்று கூறியவர். அவருடைய கழகத்திலிருந்த அண்ணாதுரை அவர்களே அக்கருத்துக்கு மாறுபட்டு எழுதினார் என்பது யாவரும் அறிந்தது.

ஒரே ஆண்டில், ஒன்றையொன்று அடுத்த நிலப்பரப்பில், ஒருவர் மாகாணத்தை ஆண்டார். இருவர் சமஸ்தானங்களை நடத்தினர். ஒருவர் ஆட்சிகள் எல்லாவற்றையும் எதிர்த்து நின்றார். நால்வர் பெயரும் ஒன்று. நால்வர் கொள்கையும் வெவ்வேறு. பெயர்ப் பொருத்தம் பார்த்துப் பலன் சொல்லும் சோதிடர்கள் இந்நால்வரின் வாழ்க்கையைச் சற்றே படித்துப் பார்ப்பது நன்று.

இனி, பத்திரிகைகள் இந்நால்வரையும் எவ்வாறு பிரித்துக் காட்டின என்பதைக் கவனிப்போம். ரெட்டியார், அய்யர், முதலியார், நாயக்கர் என்ற சாதி வால்களே அதற்குப் பயன்பட்டன. எல்லாருக்கும் பொதுவாயிருந்தது இயற்பெயர். அப்பொதுமையைக் குலைத்தது பின்னே தொங்கிய பட்டம். “இராமசாமி என்று மட்டும் சொன்னால் எந்த இராமசாமி என்று எப்படித் தெரியும்?” என்பதே சாதிப் பட்டத்தை ஆதரிப்போர் அந்நாளில் சொல்லி வந்த நியாயம். இந்நாளிலும் அது சிலரிடம் உண்டு.

அந்த நியாயத்துக்கு மறுமொழி ஈரோட்டிலிருந்து வந்தது. 1927ஆம் ஆண்டின் இறுதியில் ஈ. வெ. இராமசாமி, தாம் நடத்திய ‘குடி அரசு’ ஏட்டில் தமது பெயருக்குப் பின் அச்சாகி வந்த ‘நாயக்கர்’ என்ற பட்டத்தை நீக்கினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டில், சாதியைக் குறிக்கும் பட்டங்களை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானம் செய்யப்பட்டது. மாநாட்டுக்கு வந்தோர் பலர் தம் பட்டங்களை அவ்விடத்திலேயே துறந்தனர்.

பட்டம் போனபின் ஆள் அடையாளம் தெரியாமற் போயிற்றா? போகவில்லை. ஈரோட்டு இராமசாமி என்றால் குழந்தைக்கும் தெரிந்தது. 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு அவருக்குப் ‘பெரியார்’ என்னும் பட்டத்தை அளித்தது. சாதி தந்த பட்டம் கழன்ற இடத்தில், உழைப்புக்காகப் பெண்கள் தந்த பட்டம் வந்து அமர்ந்தது. இராமாயணத்தை வாழ்நாள் முழுதும் கண்டித்த அவர், இராமசாமி என்ற பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் வெறுத்தது பிறரைத் தாழ்த்தும் வாலையே. எல்லாரிடமும் உள்ள பெயரோடு அவருக்குப் பகை இல்லை என்று நாம் கொள்ளலாம்.

பெயர் ஒன்றாயிருப்பினும் வழி வேறாகும் என்பதற்கு இன்னுமொரு சான்று. ஈரோட்டு இராமசாமி 1879 செப்டம்பர் 17ஆம் நாள் பிறந்தவர். சி. பி. இராமசாமி அய்யர் அதே ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பிறந்தவர். இருவருக்கும் வயது வேற்றுமை சரியாக எட்டு வாரம். திருவாங்கூர் நாட்டு வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கலாகாது என்றிருந்த கொடுமையை எதிர்த்து 1924இல் சத்தியாக்கிரகம் நடந்தது. ஈரோட்டு இராமசாமி அதில் ஈடுபட்டு அவ்வாண்டில் இருமுறை சிறை புகுந்தார். அதே திருவாங்கூரில் 1936 நவம்பர் 12ஆம் நாள் மகாராஜா சித்திரைத் திருநாள், சமஸ்தானக் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் பிரகடனத்தை வெளியிட்டார். அப்பொழுது திவானாக இருந்தவர் சி. பி. இராமசாமி அய்யர். தெருவுக்காகச் சிறை சென்றவர் ஓர் இராமசாமி. கோயிற்கதவு திறந்தபொழுது அரண்மனையில் இருந்தவர் மற்றோர் இராமசாமி. எனினும் 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் தொழிலாளர் எழுச்சி துப்பாக்கியால் அடக்கப்பட்டதும் அதே திவானின் ஆட்சியில்தான். நன்மையும் தீமையும் மனிதன் செய்கையில் உள்ளன, பெயரில் இல்லை.

இதுகாறும் சொன்னவை பெரிய மனிதர் கதை. இவர்களுள் ஒருவர் பெயரையும் அறியாத ஆங்கிலேயர்கூட அறிந்திருந்த மற்றோர் இராமசாமி இருந்தார். அவரே நமது கட்டுரைக்கு முதன்மையானவர்.

ஆங்கிலேயர் இந்தியாவில் வழங்கிய சொற்களைத் தொகுத்து ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் என்னும் இருவர் இயற்றிய ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற அகராதி 1886இல் வெளிவந்தது. அதில் ‘இராமசாமி’ ஒரு சொல்லாக இடம் பெற்றிருக்கிறது. அதற்கு இரண்டு பொருள் தரப்பட்டுள்ளன. தென்னாட்டு இந்துக்கள் யாரையும் குறிக்கும் பொதுப்பெயர் என்பது ஒன்று. சுருட்டுப் பற்றவைப்பதற்காக, பெரும்பாலும் வெள்ளியாற் செய்த குழலில் செருகி வைக்கும் முறுக்கிய பஞ்சுத் திரி என்பது மற்றொன்று. ஒரு சமூகத்தாரின் பெயர், துரையின் சுருட்டுக்கு நெருப்புக் கொடுக்கும் திரிக்கும் பெயராயிற்று! அகராதி ஆசிரியர்கள் கேலி செய்யவில்லை. வழக்கில் இருந்ததைப் பதிந்தார்கள். வழக்கே கேலியாயிருந்தது.

அவ்வழக்கு கடல் கடந்தும் சென்றது. 1860 நவம்பர் மாதத்தில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிய முதற் கப்பல் நேட்டாலில் டர்பன் துறையை அடைந்தது. அதன்பின் அங்குக் குடியேறிய தமிழர் பலரின் பெயர் ‘சாமி’ என்று முடிவதைக் கேட்ட வெள்ளையர், இந்தியர் யாவரையும் ‘சாமி’ என்றே இகழ்ச்சியாக அழைக்கலாயினர். காந்தியடிகள் தமது சுயசரிதத்தில் இதைக் குறிப்பிடுகிறார். சாமி என்பதற்கு எஜமான் என்று பொருள், ஆகையால், சூடும் சாமர்த்தியமும் உள்ள இந்தியர்கள், “என்னை எஜமான் என்று அழைக்கிறீர்களே, நான் உங்கள் எஜமான் அல்லவே!” என்ற கருத்துப்படத் திருப்பிக் கொடுப்பதுண்டாம். இழிவுபடுத்தும் சொல்லைக் கையில் வாங்கி அதன் பொருளைச் சொல்லிக்காட்டுவதும் ஒருவகைச் சுயமரியாதையே.

மலாயாவிலும் நிலைமை வேறாக இல்லை. ரப்பர்த் தோட்டத்துத் துரைமார் பலருக்குத் தமிழ்த் தொழிலாளி என்றால் இராமசாமிதான். சொன்னதைச் செய்வான், எதிர்த்துப் பேசான், கூலி குறைந்தாலும் பொறுப்பான் என்பது அப்பெயருக்கு அவர்கள் கற்பித்த இலக்கணம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபொழுது அவ்விலக்கணம் பொய்த்தது. கூலி உயர்வு கேட்டவர்கள், அதனுடன், சைக்கிளில் செல்லும் தொழிலாளி துரையைக் கண்டதும் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். துருப்புகள் வந்தன; துப்பாக்கி வெடித்தது; உயிர்கள் போயின. ஆயினும் இராமசாமி என்பது வாயில்லாப் பிராணியின் பெயரன்று என்பது அன்று நாட்டுக்குத் தெரிந்தது.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். துரையும் சாதி வாலைப் பார்க்கவில்லை. எல்லாரையும் இராமசாமி என்றே அழைத்தான். சுயமரியாதைக்காரரும் சாதி வாலை வெட்டினர். எல்லாரும் இராமசாமியாகவே இருக்கலாம் என்றனர். இரண்டும் ஒன்றா? ஒருக்காலும் ஒன்றாகா. துரை எல்லாரையும் ஒன்றாக்கியது, ஒருவரையும் தனியே அறிய வேண்டியதில்லை என்ற அலட்சியத்தால். சீர்திருத்தக்காரர் எல்லாரையும் சமமாக்கியது, ஒவ்வொருவரையும் மனிதராக மதிக்க வேண்டும் என்ற கொள்கையால். முன்னதில் பெயர் மறைந்து கூட்டம் நிற்கிறது. பின்னதில் சாதி மறைந்து மனிதன் நிற்கிறான்.

தோட்டத்துக் காரியாலயத்தில் பெயர்ப் பதிவுக் கணக்குகளுடன் பழகும் நமக்கு இவ்வேற்றுமை வெறும் தத்துவமாகத் தோன்றவில்லை. ஒரு செக்ரோலில் மூன்று இராமசாமிகள் இருந்தால், காரியாலயத்துக்கு அவர்கள் மூன்று எண்கள். பெரட்டுக் களத்தில் எண் கூப்பிடப்படும்; ஆள் முன்வருவார்; கணக்குச் சரியாகும். ஆனால் லயத்து மக்கள் தம்முள் ஒருவரையும் எண்ணால் அழைத்ததில்லை. நெட்டை இராமசாமி, சேலத்து இராமசாமி, அஞ்சலை வீட்டுக்கார இராமசாமி என்று உருவத்தாலும் ஊராலும் உறவாலும் பிரித்து அறிந்தார்கள். மனிதனை அறிந்தவனுக்குச் சாதி வாலும் வேண்டாம், எண்ணும் வேண்டாம் என்பதற்கு லயமே சான்று.

எண்ணும் பெயரும் பதியப்படாமற் போனால் என்ன நேரும் என்பதையும் நம் வரலாறு காட்டியிருக்கிறது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942க்கும் 1943க்கும் இடையே, சயாமிலிருந்து பர்மாவுக்குச் சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதை அமைக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை வாரிக்கொண்டன. அப்பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். இறந்தவரின் பெயர் தெரிந்த இடமெல்லாம் கல்லில் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. நம்மவருக்கு அவ்வாறு தனித்தனிக் கல்லறை இல்லை. அவர்களுள் எத்தனை இராமசாமிகள், எத்தனை முனியாண்டிகள், எத்தனை மாரியாயிகள் என்று சொல்வார் யார்? ‘தமிழ்க் கூலிகள்’ என்ற ஒரு சொல்லுக்குள் அத்தனை பேரும் அடங்கிவிட்டார்கள். பொதுப்பெயரால் மட்டும் அழைக்கப்பட்ட மக்கள் மாளும்பொழுது, பொதுப்பெயராலேயே புதைக்கப்படுகிறார்கள்.

இருள் மட்டுமே நம் கதை அன்று. 1929 டிசம்பரில் ஈரோட்டு இராமசாமி தம் துணைவியார் நாகம்மையாருடன் பினாங்கில் வந்திறங்கி, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சுற்றிப் பேசினார். தோட்டத்தில் இகழ்ச்சியாகக் கேட்டுப் பழகிய அதே பெயரைத் தாங்கிய ஒருவர், மேடையேறி மானத்தைப் பற்றிப் பேசியதை மக்கள் கேட்டார்கள். அவ்வருகை எழுப்பிய உணர்ச்சியின் பயனாகவே 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று, 1935இல் கோ. சாரங்கபாணி அவர்களின் ‘தமிழ் முரசு’ வெளிவரலாயிற்று.

நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேட்டில் ஏறிய இயற்பெயர், பின் சந்ததியாருக்குக் குடும்பப் பெயராக நிலைத்தது. ‘ராம்சாமி’ என்பது அங்கு ஒரு குடும்பப் பெயர். 1938இல் டர்பனில் பிறந்த சாம் ராம்சாமி, நிறவெறி பிடித்த தென்னாப்பிரிக்காவை உலக விளையாட்டரங்குகளிலிருந்து விலக்கிவைக்கும் போராட்டத்தை லண்டனிலிருந்து நடத்தினார். நிறவெறி தளர்ந்த பின் 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்குக்கு எல்லா நிறத்தாரும் அடங்கிய குழுவை அழைத்துச் சென்றவரும் அவரே. ‘சாமி’ என்று இகழப்பட்டோரின் வழித்தோன்றல், அப்பெயருடனேயே உலகத்தின் முன் தலைநிமிர்ந்து நின்றார்.

நம் நாட்டிலும் அதற்கு இணை உண்டு. சித்தியவானில் பிறந்த பேராசிரியர் பி. இராமசாமி, தீபகற்ப மலேசியாவின் தோட்டத் தொழிலாளர், சங்கங்கள், மூலதனம், அரசு ஆகியவற்றைப் பற்றி ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூலை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் 1994இல் வெளியிட்டது. 2008 முதல் 2023 வரை அவர் பினாங்கு மாநிலத் துணை முதலமைச்சராகவும் இருந்தார். அவரது அரசியலை ஏற்போரும் இருப்பர், மறுப்போரும் இருப்பர்; அது வேறு விஷயம். பிறர் எழுதிய நூல்களில் பொதுப்பெயராகக் கிடந்த இராமசாமி, தன் மக்களின் வரலாற்றைத் தானே எழுதும் நிலைக்கு வந்தான் என்பதே நாம் மகிழ வேண்டிய செய்தி.

மலேசியாவில் நமக்குக் கிடைத்துள்ள ஒரு வசதியையும் சொல்ல வேண்டும். இந்நாட்டு அடையாள அட்டையில் நம் பெயருக்குப் பின், இன்னாரின் மகன் என்று பொருள்படும் ‘அனாக் லெலாக்கி’, இன்னாரின் மகள் என்று பொருள்படும் ‘அனாக் பெரம்புவான்’ என்னும் மலாய்ச் சொற்களின் சுருக்கமும் தந்தை பெயரும் வருகின்றன. ஓர் இராமசாமியை மற்றோர் இராமசாமியிடமிருந்து பிரித்துக் காட்ட இதுவே போதும். சாதிப் பட்டம் இல்லாவிடில் அடையாளம் குழம்பும் என்ற வாதத்தை இந்த அட்டை நாள்தோறும் பொய்யாக்கிக்கொண்டிருக்கிறது. அவ்வாறிருந்தும், அரசாங்கம் கேட்காத சாதிப் பட்டத்தைக் கலியாணப் பத்திரிகையிலும் சங்கப் பலகையிலும் நம்மவர் சிலர் தாமே தேடி ஒட்டிக்கொள்வது இரங்கத்தக்கது.

இக்காலத்துப் பெற்றோர் பிள்ளைகளுக்கு இராமசாமி என்று பெயரிடுவது அரிதாகிவிட்டது. அதைப்பற்றி நமக்கு வருத்தமில்லை. பெயர்களும் காலத்தோடு மாறுபவை. ஆனால் ‘தோட்டத்துப் பெயர்’ என்று சிலர் அதைக் கூறி நகைப்பதைக் கேட்கும்பொழுதுதான் நெஞ்சு உறுத்துகிறது. சுருட்டுத் திரிக்கு அப்பெயரை இட்ட துரையின் சிரிப்பல்லவோ அது? துரை கப்பலேறிப் போனபின்னும் அவன் சிரிப்பை நாம் ஏன் பாதுகாத்து வைக்க வேண்டும்?

செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு; அதற்குப் பணம் வேண்டியதில்லை. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன, லயங்கள் இடிபடுகின்றன, பழைய செக்ரோல்கள் கறையானுக்கு இரையாகின்றன. நம்மவர் நகரத்து அடுக்குமாடிகளுக்குச் சென்றுவிட்டனர். ஒவ்வொரு வீட்டிலும் உள்ள முதியவரை அணுகி, அவருடைய பெற்றோர், பாட்டன், பாட்டி பெயர்களையும், புறப்பட்ட ஊரையும், உழைத்த தோட்டத்தையும் கேட்டு ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தந்தை பெயரோடு தாய் பெயரையும் தவறாது எழுதுங்கள். பால்வாளி சுமந்தவள் அவளும்தானே! கோயில், பள்ளி, தொழிற்சங்கம் ஆகியவற்றின் விழா மலர்களில் பழைய புகைப்படங்களை அச்சிடுவோர், நாற்காலியில் இருப்பவர் பெயரை மட்டும் போட்டு, பின்னே நிற்பவர்களைத் ‘தோட்ட மக்கள்’ என்று முடித்துவிட வேண்டாம். தெரிந்த பெயர்களையெல்லாம் எழுதுங்கள்.

அவ்வாறு எழுதும்பொழுது இராமசாமி என்ற பெயர் பத்து முறை வரக்கூடும். பத்து முறையும் எழுதுங்கள். பதின்மரும் வெவ்வேறு மனிதர்கள்.